தச்சன் செதுக்கிய புனிதர்

(பி.எஸ்ஸி. தாவரவியல், இரண்டாம் ஆண்டு)

முன்னுரை

கல், உலோகம், சுதை, மரம் ஆகிய நான்கும் நம் நாட்டுச் சிற்பிகள் கைக்கொண்ட பொருள்கள். இவற்றுள் கல்லுக்குக் கிடைத்த புகழ் மரத்துக்குக் கிடைக்கவில்லை. காரணம் வெளிப்படை. கல் ஆயிரம் ஆண்டு நிற்கும். மரத்தைக் கறையான் தின்றுவிடும். எங்கள் ஊராகிய விக்கிரமங்கலத்தில் சோழர் காலத்துக் கருங்கற் புத்தரை இன்றும் காணலாம். சற்றுத் தொலைவில் உள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் இதே ஊர்களில் மரத்தால் செய்த கதவுகளும் தூண்களும் வாகனங்களும் தேர்களும் எத்தனையோ இருந்திருக்கும். கல் மிஞ்சியது, மரம் மண்ணோடு போயிற்று.

எனினும் மரச்சிற்பம் இந்நாட்டில் அற்றுப் போகவில்லை. அது உயிரோடு இருக்கும் இடங்களுள் ஒன்று கிறிஸ்தவக் கோவில்களில் வணங்கப்படும் புனிதர்களின் சொரூபம். நம் மாவட்டத்துச் சிற்றூர்களில் செவ்வாய்க்கிழமை மாலையில் மெழுகுதிரி ஏந்தி நிற்கும் கூட்டத்தைப் பலரும் பார்த்திருப்போம். அந்தக் கூட்டம் பெரும்பாலும் பதுவை நகர்ப் புனித அந்தோணியாரின் முன் நிற்பது. தமிழ்நாட்டில் அவருக்குப் புகழ்பெற்ற திருத்தலங்கள் பல. அவற்றுள் திருநெல்வேலி மாவட்டக் கடற்கரையில் உள்ள உவரி, ஒரு மரச் சொரூபத்தின் கதையோடு தொடங்குவது. அந்தச் சொரூபத்தை நடுவில் வைத்து, மரத்தில் செதுக்கிய ஒரு புனிதரை மக்கள் எப்படி வணங்குகிறார்கள், அதற்கு மரம் எப்படித் துணை செய்கிறது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

மரமும் யானையும்

சிலையை வணங்குவது மரத்தை வணங்குவதாகாதா? இக்கேள்வி புதிதன்று. நம் திருமூலர் திருமந்திரத்தில் இதற்கு மரத்தால் செய்த யானையை உவமையாகக் காட்டியிருக்கிறார். யானையாகப் பார்ப்பவனுக்கு மரம் தெரியாது. மரமாகப் பார்ப்பவனுக்கு யானை தெரியாது. பொருள் ஒன்று, பார்வை இரண்டு. அவர் சொல்ல வந்தது உலகத்தையும் பரம்பொருளையும் பற்றியது. ஆயினும் அந்த உவமை, சொரூபத்தின் முன் நிற்பவனுக்கும் நன்றாகவே பொருந்துகிறது.

கிறிஸ்தவ உலகத்திலும் இந்த வாதம் கடுமையாக நடந்தது. எட்டாம் நூற்றாண்டில் கிழக்கு உரோமைப் பேரரசில் படங்களை அழிக்க வேண்டும் என்று அரசர்களே கட்டளையிட்டார்கள். 787-இல் நிசேயா நகரில் கூடிய சங்கம், படங்களுக்குச் செய்யும் மரியாதை அவற்றில் காட்டப்பட்டவரையே சென்று சேர்கிறது என்று முடிவு செய்தது. பின்னர் ஐரோப்பாவில் சீர்திருத்த இயக்கம் எழுந்து பல இடங்களில் சொரூபங்கள் உடைக்கப்பட்டபோது, திரிதெந்து சங்கம் 1563 டிசம்பரில் அதே கருத்தை மீண்டும் உறுதி செய்தது. மரத்திலோ கல்லிலோ தெய்வத்தன்மை இருப்பதாக எண்ணி வணங்கக் கூடாது, மரியாதை மூலத்துக்கே உரியது என்பது அதன் சாரம்.

கத்தோலிக்கர் தமிழில் இதற்கென்று சொற்களைப் பிரித்தே வைத்திருக்கிறார்கள். ஆராதனை என்பது இறைவன் ஒருவருக்கே உரியது. புனிதர்களுக்குச் செய்வது வணக்கம். புனிதர் கடவுள் அல்லர். கடவுளிடம் நமக்காகப் பரிந்து பேசுபவர். பழைய தலைமுறையினர் ‘அர்ச்சிஷ்டர்’ என்று அழைப்பதும் இவர்களையே. பெரிய இடத்துக்கு நேரே போகத் தயங்கும் ஏழை ஒருவன், தெரிந்த ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு போவது போன்றது இது. நம் ஊர்களில் இந்தப் பழக்கத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை.

அந்தோணியார் யார்?

அந்தோணியார் 1195-இல் போர்த்துகல் நாட்டின் லிஸ்பன் நகரில் பிறந்தவர். பிரான்சிஸ்கு சபைத் துறவியாகி இத்தாலியில் மறையுரை ஆற்றிப் பெயர் பெற்றார். 1231 ஜூன் 13-இல் பதுவை நகருக்கு அருகில் காலமானார். அடுத்த ஆண்டே, 1232 மே 30-இல், திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. ஒருவர் இறந்து ஓராண்டுக்குள் இப்பட்டம் பெறுவது மிக அரிது. அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. அதனால்தான் இன்றும் செவ்வாய் அவருக்குரிய நாளாக இருக்கிறது.

அவரை அடையாளம் காண்பது எளிது. துறவியின் நீண்ட அங்கி, இடையில் முடிச்சிட்ட கயிறு, மழித்த உச்சித் தலை, கையில் குழந்தை இயேசு. சில இடங்களில் ஒரு நூலும் லீலி மலர்க் கொத்தும் சேர்ந்திருக்கும். எழுதப் படிக்கத் தெரியாத காலத்து மக்களுக்கு இந்த அடையாளங்களே எழுத்து. வேல் இருந்தால் முருகன், சங்கு சக்கரம் இருந்தால் திருமால் என்று நாம் கண்டுகொள்வதைப் போல, குழந்தையை ஏந்திய துறவி என்றால் அந்தோணியார் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

போர்த்துகீசியருக்கு அவர் சொந்த நாட்டுப் புனிதர். கடலோடிகளின் காவலர் என்றும் அவரைக் கருதினார்கள். எனவே அவர்கள் கப்பல் சென்ற துறைகளுக்கெல்லாம் அவர் பெயரும் சென்றது. முத்துக்குளித்துறைப் பரதவர் 1535-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கிறிஸ்தவத்தைத் தழுவினார்கள். 1542-இல் புனித பிரான்சிஸ் சவேரியார் அக்கரைக்கு வந்தார். உவரியும் அந்தக் கடற்கரையைச் சேர்ந்ததே.

உவரிக் கரையில்

உவரிச் சொரூபத்தைப் பற்றி அவ்வூர் மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் வரலாறு இது. பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. போர்த்துகீசியக் கப்பல் ஒன்று உவரிக்கு அப்பால் கடலில் சென்றுகொண்டிருந்தது. கப்பலில் காலரா கண்டது. ஒருவர் பின் ஒருவராக மாலுமிகள் விழுந்தார்கள். அந்தக் கப்பலில் ஒரு தச்சன் இருந்தான். அவன் மரத்தை எடுத்து அந்தோணியாரின் உருவத்தைச் செதுக்கத் தொடங்கினான். எல்லோரும் அவரை வேண்டிக்கொண்டார்கள். நோய் நீங்கிற்று. கப்பல் உவரிக் கரையை அடைந்தபோது நன்றியாக அந்தச் சொரூபத்தை அங்கே ஒரு குடிசையில் வைத்துவிட்டுப் போனார்கள். பின்னர் ஊர் மக்கள் அதைப் போற்றத் தொடங்கினார்கள், கோவில் எழுந்தது, தமிழகம் எங்கிலுமிருந்து மக்கள் வரலானார்கள்.

அறிவியல் மாணவன் இந்த வரலாற்றை எப்படிப் படிப்பது? நோய் ஏன் நீங்கிற்று என்று ஆராய்வது ஒரு வழி. அக்காலத்தில் கடும் வாந்திபேதிகளையெல்லாம் மக்கள் ஒரே பெயரால் அழைத்தார்கள். காலராக் கிருமியை இராபர்ட் காக் 1884-இல் தனித்துக் காட்டிய பிறகே நோயின் காரணம் அறிவுலகில் நிலைபெறத் தொடங்கியது. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரே உயிர் காக்கும் என்பதை, 1971-இல் வங்காளதேச அகதிகள் முகாமில் மருத்துவர் திலீப் மகலநாபிஸ் செய்து காட்டினார். மேற்சொன்ன கப்பலில் இவற்றில் ஒன்றுமே கிடையாது.

எனவே நான் வேறொரு கேள்வி கேட்கிறேன். மருந்தும் இல்லை, மருத்துவரும் இல்லை, கரையும் இல்லை. சுற்றிலும் சாகக் கிடக்கும் தோழர்கள். இந்த நிலையில் ஒரு மனிதன் என்ன செய்வான்? தனக்குத் தெரிந்ததைச் செய்வான். பாதிரியாருக்கு மந்திரம் தெரியும். மாலுமிக்குப் பாய்மரம் தெரியும். தச்சனுக்கு உளி தெரியும். அவன் செய்யக்கூடிய வேண்டுதல் அந்த உளியால் செய்யும் வேண்டுதல்தான். ஒவ்வொரு கொத்தும் அவனுக்கு ஒரு செபம். உவரிச் சொரூபத்தின் சிறப்பு இதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அரண்மனைச் சிற்பி அரசன் கட்டளைக்காகச் செய்தது அல்ல அது. விற்பனைக்காகச் செய்ததும் அல்ல. ஓட்டை விழுந்தால் பலகை அடைக்கவும், முறிந்த பாய்மரத்தைச் சீர்செய்யவும் கப்பலில் வைத்திருந்த ஒரு வேலைக்காரன், தன் அன்றாட ஆயுதங்களைக் கொண்டு செய்தது.

திருமூலரின் உவமையை இங்கே திரும்பவும் நினைக்கலாம். பக்தன் புனிதரைப் பார்க்கிறான். மர வியாபாரி மரத்தைப் பார்க்கிறான். தச்சன் ஒருவன்தான் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்தாக வேண்டியவன். மரத்தின் ஓட்டத்தை மறந்தால் உளி பிளந்துவிடும். புனிதரை மறந்தால் வெறும் கட்டைதான் மிஞ்சும்.

மரத்தின் இயல்பு

இனி, எம் பாடமாகிய தாவரவியலின் வழியே சற்றுப் பார்ப்போம். தொல்காப்பிய மரபியல், உள்ளே வைரம் உடையதை மரம் என்றும், வெளியே வைரம் உடையதைப் புல் என்றும் பகுக்கிறது. தென்னையும் பனையும் அக்கணக்கில் புல். இன்றைய தாவரவியலும் அவற்றை ஒருவித்திலைத் தாவரங்கள் என்று தனியே வைக்கிறது. சிற்பத்துக்கு ஏற்றது உள்வைரம் உடைய மரமே. மரத்தின் நடுப்பகுதியில் நீர் கடத்தும் வேலை நின்றுபோன திசுக்களில் பிசினும் எண்ணெயும் சாயப்பொருள்களும் படிந்து வைரமாகிறது. சுற்றியுள்ள வெளிறு, மாவுப் பொருள் நிறைந்தது. வண்டுகள் முதலில் துளைப்பது அதைத்தான். தேக்கின் வைரத்தில் உள்ள இயற்கைப் பொருள்கள் கறையானுக்கு ஆகாதவை. போர்த்துகீசியர் வசாய், தாமன், கோவாத் துறைகளில் தேக்கினால் கப்பல் கட்டியதற்கு இதுவும் ஒரு காரணம்.

என் தந்தையார் கதவு, நிலை, வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வகுப்பில் மரத்தின் ஈரப்பதம் பற்றிப் படித்த அன்று அவரிடம், “ஏம்ப்பா, காஞ்ச மரம் எப்படிப் பிளக்குது?” என்று கேட்டேன். அவர் இழைப்புளியை நிறுத்தாமலே, “வெட்டுனதும் மரம் செத்துப் போச்சுன்னு நெனைக்காத. மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். அகலத்துல சுருங்குற அளவுக்கு நீளத்துல சுருங்காது. நடுக்குருத்தோட வச்சீன்னா நிச்சயமா வெடிக்கும்” என்றார்.

பாடநூல் சொல்வதும் இதுவே. மரத்தின் ஈரம் ஏறத்தாழ முப்பது விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போது செல் சுவர்கள் சுருங்கத் தொடங்குகின்றன. வளையங்களின் போக்கில் ஏற்படும் சுருக்கம், நடுவிலிருந்து வெளிநோக்கிய திசையில் ஏற்படுவதைப் போல் பொதுவாக இரு மடங்கு. நீளவாக்கில் சுருக்கம் மிக மிகக் குறைவு. இந்த வேறுபாட்டினால்தான் முழுக் கட்டை ஆரம் ஆரமாக வெடிக்கிறது. பாடநூல் எண்ணாகச் சொல்வதை என் தந்தையார் கையால் அறிந்திருக்கிறார்.

ஐரோப்பியச் சிற்பிகளும் இதை அறிந்திருந்தார்கள். பெரிய மரச் சொரூபங்கள் பலவற்றின் முதுகுப்புறத்தைக் குடைந்திருப்பார்கள். பக்தனுக்குத் தெரியாத பக்கம் அது. நடுக்குருத்தை நீக்கினால் வெடிப்புக் குறையும்; எடையும் குறையும். ஜெர்மானியச் சிற்பி தில்மன் ரீமன்ஷ்னைடர் (மறைவு 1531) மென்மையான லிண்டன் மரத்தில் புனிதர்களைச் செதுக்கினார். அம்மரத்தின் இயல்பை நன்கு அறிந்தே மெல்லிய ஆடை மடிப்புகளைக் காட்டினார்.

மரத்தில் தெய்வ உருவம் செய்வது நமக்கும் பழக்கமானதே. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோவிலின் அத்திவரதர், அத்தி மரத்தால் ஆனவர். கோவில் குளத்துக்குள்ளே வைக்கப்பட்டு நாற்பது ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எடுக்கப்படுபவர். 1979-லும் 2019-லும் அவ்வாறு காட்சி தந்தார். பூரி செகந்நாதர் வேப்ப மரத்தால் ஆனவர். குறிப்பிட்ட ஆண்டுகளில் பழைய உருவத்தை அடக்கம் செய்துவிட்டுப் புதிய மரத்தில் உருவம் செய்கிறார்கள். 1996-லும் 2015-லும் இது நடந்தது. நீருக்குள் வைப்பதும் புதிதாக்குவதும் மரத்தின் அழியும் தன்மையை உணர்ந்த இரண்டு வழிகள். கிறிஸ்தவச் சொரூபத்துக்கு மூன்றாவது வழி ஒன்று உண்டு. அது வண்ணப் பூச்சு.

வண்ணம் தீட்டுதல்

உளி வேலை முடிந்தால் சொரூபம் முடிந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. ஸ்பெயின், போர்த்துகல் மரபில் செதுக்குபவர் ஒருவர். வண்ணம் தீட்டுபவர் வேறொருவர். செவில் நகரச் சிற்பி மர்த்தீனெஸ் மொந்தஞேஸ் (1568–1649) செதுக்கியவற்றுக்குப் பிரான்சிஸ்கோ பச்சேகோ என்னும் ஓவியர் வண்ணம் தீட்டியிருக்கிறார்.

வேலையின் முறை இது. முதலில் மரத்தின் மேல் விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசையைப் பூசுவர். மூட்டுகளில் துணி ஒட்டுவர். அதன் மேல் சுண்ணப் பொடியைப் பசையில் குழைத்துப் பல பூச்சுக் கொடுத்து வழுவழுப்பாகத் தேய்ப்பர். ஆடை வரும் இடத்தில் செம்மண் நிறக் களிம்பு பூசி, அதன் மேல் தங்கத் தாளை ஒட்டிக் கல்லால் மெருகேற்றுவர். தங்கத்தின் மேல் வண்ணம் தீட்டி, பிறகு கூரிய குச்சியால் அந்த வண்ணத்தைக் கோலம் போலச் சுரண்டினால் அடியிலுள்ள தங்கம் சரிகை போல மின்னும். முகத்துக்கும் கைகளுக்கும் எண்ணெய் வண்ணத்தால் மனிதத் தோலின் நிறம் கொடுப்பர். சில சொரூபங்களுக்குக் கண்ணாடிக் கண்களும் வைப்பதுண்டு.

இந்தப் பூச்சுகள் அழகுக்கு மட்டுமல்ல. மரத்துக்குச் சட்டையும் ஆகும். ஈரம் சட்டென்று ஏறி இறங்காமல் தடுக்கும். அதோடு, கல்லில் கிடைக்காத ஒன்று மரத்தில் கிடைத்துவிடுகிறது. அது மனிதத் தோலின் வெதுவெதுப்பு. கல் குளிர்ந்திருக்கும், மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாததால் தொட்டால் குளிர்வதில்லை. சொரூபத்தின் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் மூதாட்டிக்கு இந்த இயற்பியல் தெரியாது. ஆனால் அவர் விரலுக்குத் தெரியும்.

தோளில் ஏறும் புனிதர்

மரத்துக்கு மற்றொரு பெருமை அதன் எடைக்குறைவு. கருங்கல்லின் எடை, அதே அளவு நீரின் எடையைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல். மரங்களுள் பெரும்பாலானவை நீரில் மிதப்பவை. கருவறைக் கல்லை யாரும் தூக்கிக்கொண்டு வீதியுலா போவதில்லை. அதற்கென்றே உற்சவர் இருக்கிறார். மரச் சொரூபமோ மூலவரும் தானே, உற்சவரும் தானே என்று இருக்கக்கூடியது. பீடத்தில் நிற்கும், சப்பரத்திலும் ஏறும்.

திருவிழா நாளில் அந்தோணியார் சப்பரம் வீதிக்கு வரும்போது, கோவிலுக்குள் வராதவர்களிடமும் அவர் போகிறார். நடக்க முடியாத கிழவர் திண்ணையிலிருந்தே கும்பிடுகிறார். வாசலில் தண்ணீர் தெளித்துக் கோலமிட்டு நிற்பவர்களில் இந்துக்களும் உண்டு. சப்பரத்தின் மேல் உப்பும் மிளகும் தூவுவோர் உண்டு. பிள்ளைவரம் வேண்டித் தொட்டில் கட்டுவோரும், நேர்ச்சையாக முடி இறக்குவோரும், அசனம் போடுவோரும் உண்டு. எங்கள் வீட்டுக் குலதெய்வம் அய்யனார். ஆயினும் பக்கத்து ஊர் அந்தோணியார் சப்பரத்தின் தோள்மரம் முறிந்தபோது மாற்றிக் கொடுத்தவர் என் தந்தையார்தான். கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவரைப் பொறுத்தவரை அது வேறு மதத்தாரின் வேலையாகத் தோன்றவில்லை, சாமி வேலை.

உவரியிலும் இதே காட்சிதான். அந்தோணியார் கோவிலும் சுயம்புலிங்க சுவாமி கோவிலும் ஒரே ஊரில், ஒரே கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கின்றன. இருபுறமும் வருகிறவர்களில் பலர் இரண்டு இடத்துக்கும் வணக்கம் செலுத்துபவர்கள். கடலுக்கு அப்பால் கொழும்பு கொச்சிக்கடையில் உள்ள அந்தோணியார் திருத்தலத்திலும் தமிழர், சிங்களர், கிறிஸ்தவர், இந்துக்கள், பௌத்தர் எனப் பலரும் செவ்வாய்தோறும் கூடுகிறார்கள். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழாவன்று நடந்த குண்டுவெடிப்பில் அக்கோவிலில் பலர் உயிரிழந்தார்கள். அதே ஆண்டு ஜூன் மாதத்தில், அந்தோணியார் திருநாளை ஒட்டி அது மீண்டும் திறக்கப்பட்டது. மக்கள் திரும்பி வந்தார்கள்.

நம் மாவட்டமும் ஒரு தச்சரும்

உவரி நமக்குத் தொலைவு. ஆனால் தச்சனையும் புனிதனையும் ஒன்றாகப் பார்த்த பெருமை நம் மண்ணுக்கும் உண்டு. அரியலூர் மாவட்டம் ஏலாக்குறிச்சியில் தங்கிப் பணி செய்தவர் வீரமாமுனிவர். 1680-இல் இத்தாலியில் பிறந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்பவரே அவர். ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயரிட்டார். அங்கே எழுந்தருளிய அடைக்கல அன்னையின் மீது திருக்காவலூர்க் கலம்பகம் பாடினார். 1726-ஐ ஒட்டி அவர் இயற்றிய தேம்பாவணி 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்ட பெருங்காப்பியம்.

அந்தக் காப்பியத்தின் தலைவன் யார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அரசன் அல்லன், போர்வீரன் அல்லன். புனித சூசையப்பர் என்னும் தச்சர். எபிரேய மொழியில் அவர் பெயருக்குப் பெருகுதல் என்று பொருள் உண்டாதலால், முனிவர் அவரை ‘வளன்’ என்று தமிழாக்கினார். நாசரேத்து ஊரார் இயேசுவைத் தச்சன் மகன்தானே என்று ஏளனமாகக் கேட்டதாக மத்தேயு நற்செய்தி கூறுகிறது. ஊரார் எந்தச் சொல்லை ஏளனமாகச் சொன்னார்களோ, அந்தத் தச்சனையே கம்பனும் திருத்தக்கதேவரும் நடந்த காப்பிய வீதியில் தலைவனாக நிறுத்தினார் வீரமாமுனிவர். 1955-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர், மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக அறிவித்தார். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே தமிழில் ஒரு தச்சருக்குக் காப்பியம் கிடைத்துவிட்டது.

அண்டையிலுள்ள பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரோ இன்றும் உளி ஓசை கேட்கும் ஊர். பச்சைமலை அடிவாரத்தை ஒட்டிய அவ்வூர்த் தச்சர்கள் ஒரே கட்டையில் முழு உருவத்தையும் செதுக்குவதில் தேர்ந்தவர்கள். அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவில் வாகனமும் தேர்ச் சிற்பமும் செய்யும் அந்தக் கைகளுக்குக் கட்டையின் ஓட்டம் தெரியும். அந்தோணியாரின் அங்கி மடிப்பானாலும் அம்மனின் புடவைக் கொசுவமானாலும் உளிக்கு வேறுபாடில்லை.

இன்றைய நிலை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டிலிருந்து அச்சில் வார்த்த சாந்துச் சொரூபங்கள் உலகெங்கும் பரவின. இப்போது கண்ணாடி இழையில் வார்க்கிறார்கள். விலை குறைவு, எடை குறைவு, கறையான் பயமில்லை. இவற்றை வாங்குவோரைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் புதியது வந்ததும் பழைய மரச் சொரூபத்தைச் சாமான் அறையில் ஈரச் சுவரில் சாய்த்து வைப்பதும், பழைய பூச்சின் மேல் கதவுக்கு அடிக்கும் எனாமல் வண்ணத்தைத் தடிப்பாக அடிப்பதும் வருந்தத் தக்கவை. தடித்த வண்ணத்துக்குள் உளியின் நுட்பம் மூடிப்போகிறது. கண்ணிமையும் விரல் நகமும் ஒரே பூச்சில் மறைந்துவிடும்.

தாவரவியல் மாணவன் என்ற முறையில் சில எளிய குறிப்புகள் சொல்லலாம். மரச் சொரூபத்தைச் சுவரை ஒட்டி வைக்காமல் காற்றோட இடம் விட வேண்டும். பீடத்தின் அடியில் மாவு போன்ற தூள் உதிர்ந்திருந்தால் உள்ளே வண்டு உளுக்கச் செய்கிறது என்று பொருள். உடனே அறிந்தவரை அழைக்க வேண்டும். ஈரத் துணியால் துடைக்கக் கூடாது. மென்மையான உலர்ந்த தூரிகை போதும். மெழுகுதிரிகளைச் சற்றுத் தள்ளி வைத்தால் புகைக் கரி படியாது. வெயில் நேரே விழும் இடமும், மின்விளக்கின் சூடு படும் கண்ணாடிக் கூடும் வெடிப்பை உண்டாக்கும். உதிர்ந்த வண்ணத்தைச் சீர்செய்யும் முன் பழைய தோற்றத்தைப் படம் எடுத்து வைப்பது நல்லது. இவற்றுக்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

முடிவுரை

மரச் சொரூபத்தை வணங்குபவர் மரத்தை வணங்கவில்லை என்பதைக் கண்டோம். ஆனால் அது மரமாக இருந்ததனால்தான் கப்பலில் செதுக்க முடிந்தது. குடிசையில் வைக்க முடிந்தது. தோளில் ஏற்ற முடிந்தது. தொட்டால் குளிராமல் இருக்க முடிந்தது என்பதையும் கண்டோம். பக்தியின் வடிவத்தைப் பொருளின் இயல்பும் சேர்ந்தே தீர்மானிக்கிறது.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். தஞ்சைப் பெரிய கோவிலைக் கட்டிய பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயரை இராசராச சோழன் கல்லில் பொறிக்கச் செய்தான். அதனால் ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் அப்பெயரை நாம் உச்சரிக்கிறோம். உவரிச் சொரூபத்தைச் செதுக்கிய கப்பல் தச்சனுக்குக் கல்வெட்டு இல்லை. நம் ஊர்த் தேர்களையும் சப்பரங்களையும் செய்த கைகளில் பெரும்பாலானவற்றுக்கும் இல்லை. அவர்கள் பெயரை இனித் தேடுவது அரிது. இப்போது உயிரோடு இருப்பவர்களின் பெயரையாவது எழுதி வைக்கலாமே! இந்தக் கல்லூரியில் எத்தனையோ ஊர்களிலிருந்து வந்து படிக்கிறோம். அடுத்த விடுமுறையில் ஒவ்வொருவரும் தம் ஊர்க் கோவிலின் தேரையோ வாகனத்தையோ சொரூபத்தையோ செய்தவர் யார், பழுது பார்த்தவர் யார் என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் குறித்து வந்தால், நம் இரு மாவட்டத்துத் தச்சர்களின் வரலாறு ஒன்று உருவாகும். எழுதப் படிக்கக் கற்ற முதல் தலைமுறை, எழுதாமல் போன தலைமுறைகளுக்குச் செய்யக்கூடிய கடன் அது.